மாரியாயிக்கு வந்த ஊசி

மேகம் விலகியதும் பெண்கள் வார்டு காலியாகிவிடும்.

குன்னூரில் நான் ஆயாவாக வேலை பார்த்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரி மலைச்சரிவில் இருந்தது. அதற்கு மேல் அடையாளம் சொல்ல விருப்பமில்லை. பத்துக் கட்டில்கள், தகரக் கூரை. பல நாள் காலையில் மேகம் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து கட்டில்களுக்கு நடுவே நிற்கும். வாசலில் நின்று பார்த்தால் கடைசிக் கட்டில் தெரியாது. இருமலை வைத்துத்தான் அங்கே ஆள் இருப்பது தெரியும். டெட்டால் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் சேர்ந்துவிட்டால், விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று நமக்கே சந்தேகமாக இருக்கும்.

பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், எதிர்மலையில் ஒரு துண்டுத் தேயிலை மட்டும் பளிச்சென்று பச்சையாகும்.

"வெயில் வந்துருச்சுடி!"

யாராவது ஒருத்தி சொன்னால் போதும். காய்ச்சல்காரி, சர்க்கரைக்காரி, நேற்றுத் தையல் போட்டவள் எல்லோரும் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கம்பளியை இழுத்துப் போர்த்தியபடி முற்றத்துக்குப் போய்விடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து வரிசையாக நிற்பார்கள். சிஸ்டர்கள் திட்டினாலும் கேட்க மாட்டார்கள். இங்கே வெயில் காத்திருக்காது.

அன்றும் அப்படித்தான். வார்டில் மிச்சம் இருந்தது சரோஜா ஒருத்திதான். தேயிலைச் சரிவில் சறுக்கி இடது கணுக்கால் முறிந்து, கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். அன்று காலை அவளுக்கு ஆபரேஷன். முந்தின இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

நான் கம்பளிகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஷைனி சிஸ்டர் மருந்துத் தட்டோடு வாசலில் வந்து நின்று, கையிலிருந்த நோட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"மாரியாயி!"

மாரியாயி முற்றத்தில் இருந்தாள். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வந்தாச்சுங்க" என்றேன்.

பெரட்டு

லவ்டேல் ஹாஸ்டல் சமையலறையை விட்டு வந்த கதையைப் போன வாரம் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களால் ஏன் ஒரு வேலையிலும் நிலைத்து நிற்க முடியவில்லை?" என்று கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியவில்லை. எட்டாம் வகுப்பிலும் நிலைக்கவில்லை, திருப்பூர் பனியன் கம்பெனியிலும் நிலைக்கவில்லை. ஒரு பஸ் மேடேறிப் போகிற சத்தம் கேட்டால் அது எங்கே போகிறது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். ஆனால், 'வந்தாச்சுங்க' என்ற அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்ல முடியும்.

ஓவேலிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில்தான் பிறந்தேன். அம்மா சிலோனிலிருந்து வந்தவள். காலையில் வேலைக்கு இறங்கும் முன் பெண்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். சிலோன்காரர்கள் அதைப் பெரட்டு என்பார்கள். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான்.

கைக்குழந்தைக்காரிகள் எப்போதும் பிந்துவார்கள். குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில் விட்டுவிட்டு, மேடேறி ஓடி வர வேண்டும். அதற்குள் அவள் பேர் வந்துவிடும். பக்கத்தில் நிற்பவள் குனிந்த தலை நிமிராமல் "வந்தாச்சுங்க" என்பாள். மேகத்தில் யார் சொன்னது என்று யாருக்குத் தெரியும்? மூச்சிரைக்க ஓடி வந்தவள் வரிசையில் நுழைந்துகொள்வாள். நன்றியெல்லாம் சொல்ல மாட்டார்கள். நாளைக்கு இவளுக்காக அவள் சொல்வாள்.

எட்டாம் வகுப்பை விட்டதும் நானும் அந்த வரிசையில் நின்றேன். எனக்காக எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. நான் பிந்துவதற்குக் குழந்தை காரணமில்லை. ரோட்டோரம் நின்று கூடலூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் எஸ்டேட்காரர்கள். சிஸ்டர் வாசலில் நின்று பேர் படிப்பது அவர்களுக்குப் பெரட்டு மாதிரியே இருந்தது. ஆள் கக்கூஸில் இருந்தாலும் முற்றத்தில் இருந்தாலும் யாராவது ஒருத்தி "இருக்காங்க", "வந்தாச்சுங்க" என்று குரல் கொடுத்துவிடுவாள். விட்டால் மருந்து கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம்.

ஜன்னலோரக் கட்டில்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் மாரியாயியும் சரோஜாவும் கட்டில் மாற்றிக்கொண்டார்கள். மாற்றிவிட்டது நான்தான்.

ஜன்னலோரக் கட்டில் மாரியாயியுடையது. "இந்தக் காத்து ஒரு காதுல பூந்து மறுகாதுல போவுது. நா சக்கரையில சாகமாட்டேன், இந்தச் சன்னல்லதான் சாவேன்" என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்குக் குடு" என்றாள் சரோஜா. "படுத்தே கெடந்து தகரத்த எண்ணி எண்ணிக் கண்ணு பூத்துப்போச்சு. மலையவாச்சும் பாக்கிறேன்."

இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சரோஜாவைத் தாங்கிப் பிடித்து மாற்றினேன். இருவரின் தலையணை, பிளாஸ்க், போன் சார்ஜர் எல்லாவற்றையும் மாற்றினேன். கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருந்த சீட்டுகளை மட்டும் மாற்றவில்லை. அவை கட்டிலோடு சேர்ந்தவை என்று நினைத்துவிட்டேன்.

ஷைனி சிஸ்டர் பார்க்காமல் ஊசி போட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் அங்கே சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மலையாளம் கலந்து பேசும் கூடலூர்ப் பெண். கூட இருக்க வேண்டிய இன்னொரு சிஸ்டர் அன்று லீவு. ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள். சீட்டைப் பார்த்தாள், மாரியாயி என்று இருந்தது. நோட்டைப் பார்த்தாள், மாரியாயிக்கு இன்சுலின் என்று இருந்தது. ஆள் இருப்பதாகக் குரலும் வந்துவிட்டது. கட்டிலில் ஒருத்தி மப்ளரும் கம்பளியுமாக மூக்கு மட்டும் தெரியப் படுத்திருந்தாள்.

"ஊசி போடட்டே, சேச்சி?"

சரோஜா பேசாமல் கையை நீட்டினாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஓர் ஊசி உண்டு என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது பாருங்கள்.

மலை நடந்தது

ஷைனி அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள். நான் தரையைத் துடைத்தேன். வெயில் ஜன்னல் வழியாக வந்து சரோஜாவின் கம்பளியில் சதுரமாக விழுந்தது.

சரோஜா வாயாடி. "ஏன் பாக்கியம், ஒனக்குன்னு ஒரு ஊரே கெடையாதா?" என்று ஆரம்பித்தாள்.

"இருக்கே. ஏழெட்டு ஊரு இருக்கு."

"ஏழெட்டு ஊர்லயும் வெரட்டி உட்டாங்களா?"

"பாதி வெரட்டுனாங்க. மீதி நானா வந்தேன்."

சிரித்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. நான் ஒன்று கேட்டால் பதில் வர நேரமானது. பசி மயக்கம், பயம் வேறு என்று நினைத்தேன்.

"பாக்கியம்" என்றாள், ரொம்ப நேரம் கழித்து. "அந்த மலை நடக்குது பாரு."

நான் பார்த்தேன். மேகத்தின் நிழல் தேயிலை மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. நிழல் நகர நகர மலையே மெல்ல நடப்பது போலத்தான் எனக்கும் தெரிந்தது. "ஆமா, நடக்குது" என்றேன். எங்களைத் தவிர அந்த வார்டில் யாரும் இல்லை. வெளியே பெண்கள் பேசுவது எங்கோ தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலக் கேட்டது. அந்த நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது.

மேகம் மறுபடி இறங்கியதும் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கடைசியாக மாரியாயி வந்தாள். மகள் கொண்டுவந்த தூக்குவாளியில் இட்லி இருந்தது.

"அந்தச் சின்ன சிஸ்டர் எங்க?" என்றாள். "ஊசி போடாம இட்டிலியத் தொடக்கூடாதுன்னு சொல்லிருக்கு. இன்னும் போடக் காணோமே?"

நான் திரும்பிச் சரோஜாவைப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. கம்பளிக்குள்ளும் பல் கிட்டுகிற அந்தக் குளிரில் யாருக்கும் வேர்க்காது.

கோயமுத்தூரில் ஒரு வீட்டில் சர்க்கரை நோய்க்காரப் பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்சுலினைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்த ஒரு நாள் அவருக்கும் இப்படித்தான் வேர்த்தது. விட்டால் உயிர் போகும் என்று அன்று டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறேன். ஆகையால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. சரோஜாவுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அந்த நேரத்தில் அந்த வார்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.

வாளி

வேலை போவது எனக்குப் புதிதில்லை. வெறுங்காலோடு ரோட்டில் நின்றிருக்கிறேன், கோயில் மண்டபத்தில் படுத்திருக்கிறேன், அதையெல்லாம் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். என் வாழ்க்கையில் உள்ளிருந்து நானே தாழ் போட்டுக்கொண்ட முதல் அறை அதுதான்.

குழாயைத் திறந்து வாளியை வைத்தேன். சொன்னால் அறை போய்விடும். சொல்லாவிட்டால்? கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்துவிடலாம். யாராவது சிஸ்டர் பார்க்கலாம். ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்கலாம். நான் சொல்லாமலே எல்லாம் சரியாகலாம். இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு நின்றேன்.

வாளி நிரம்பி, சுடுதண்ணீர் காலில் வழிந்தது. அப்போதுதான் ஓடினேன்.

ஷைனி மருந்து அறையில் இருந்தாள். "சிஸ்டர், மாரியாயி ஊசியச் சரோஜாவுக்குப் போட்டுட்டோம்" என்றேன். அவள் முகம் வெளுத்தது. சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடி, சரோஜாவின் விரலில் குத்தினாள். கருவியில் வந்ததைப் பார்த்துவிட்டு, "டாக்டரைக் கூப்பிடு!" என்று கத்தினாள்.

பெரிய டாக்டரம்மா செருப்பில்லாமல் வந்தார். ஷைனி அதற்குள் நரம்பில் ஊசி ஏற்றிக் குளுக்கோஸைச் செலுத்த ஆரம்பித்திருந்தாள். டாக்டரம்மா கால்மாட்டுச் சீட்டை ஒரு பார்வை பார்த்தார். குனிந்து கன்னத்தைத் தட்டினார்.

"மாரியாயி! கண்ணத் தொறங்க, மாரியாயி!"

அசைவில்லை. "மாரியாயி! இங்க பாருங்க!"

"அய்யோ, நா இங்க இருக்கேனுங்க" என்று பின்னாலிருந்து அழுதாள் மாரியாயி, கையில் தூக்குவாளியோடு.

"அவங்க சரோஜாங்க" என்றேன்.

டாக்டரம்மா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "சரோஜா" என்று கூப்பிட்டார்.

குளுக்கோஸ் வேலை செய்ததா, பேர் வேலை செய்ததா, எனக்குச் சொல்லத் தெரியாது. நாலாவது முறை கூப்பிட்டபோது கண்ணைத் திறந்தாள். ரொம்ப நேரம் எங்களையெல்லாம் வேற்றாள் மாதிரி பார்த்தாள்.

"கொழுந்து எடுத்துக்கிட்டே போறேன்" என்றாள். "கூடை நெறயவே மாட்டேங்குது. யாரோ பேர் சொல்லிக் கூப்புடுறாங்க. எம் பேரு இல்ல. அதான் நா திரும்பிப் பாக்கல."

ஷைனி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

துணி மடிக்கும் அறை

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். மறுநாள் டாக்டரம்மா எங்களைத் துணி மடிக்கும் அறைக்குக் கூப்பிட்டார். ஷைனி ராஜினாமாக் கடிதத்தை எழுதியே கொண்டுவந்திருந்தாள்.

டாக்டரம்மா கோயமுத்தூர்க்காரர். கடிதத்தை வாங்கி, படிக்காமல் மடித்து மேசை மேல் வைத்தார்.

"ஏனுங்க, நா யாரையும் வையறதுக்குக் கூப்புடலைங்க. நாளைக்கு இதே வார்டுல இன்னொருத்தருக்கு இது நடக்கப்படாது. அதுக்கு இது எப்புடி நடந்துச்சுன்னு எனக்குத் தெரியோணும். மொதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னேன். கட்டில், சீட்டு, 'வந்தாச்சுங்க' எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டு என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப இங்க தெனமும் ஆராச்சும் ஆருக்காச்சும் பதில் சொல்லீட்டுத்தான் இருக்கறாங்களா?"

"ஆமாங்க. அது ஒரு ஒத்தாசைங்க."

அப்போது எனக்குக் குந்தா ஞாபகம் வந்தது. அங்கே கரண்டு ஆபீஸ் ஆட்கள் தங்கும் முகாமில் கொஞ்ச காலம் சமைத்திருக்கிறேன். லைனில் வேலை செய்கிற ஒருவர் சாப்பிடும்போது சொல்வார்: "கம்பத்துல ஏறுறவன் கையில ஒரு காகிதம் குடுத்துருவோம். அவனே எறங்கி வந்து, அவன் கையால அதைத் திருப்பிக் குடுத்தாத்தான் கரண்டு விடுவோம். அவன் எறங்கிட்டான்னு பெத்த அப்பனே வந்து சொன்னாலும் விடமாட்டோம்." அதைச் சொன்னேன்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். கூரையில் மழை ஆரம்பித்தது. ஷைனியின் கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். என்னிடம், "கட்டில மாத்துனா சீட்டயும் மாத்தோணும், சரிங்களா?" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாளி நேரத்தைப் பற்றி அன்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பத்து நாளாகப் பேர் தெரியாதா?

அதற்குப் பிறகு வாசலில் நின்று பேர் கூப்பிடுவது நின்றது. ஆளிடமே போய், "உங்க பேர் என்னங்க?" என்று கேட்க வேண்டும். அவரே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டில்காரி சொல்லக்கூடாது, ஆயா சொல்லவே கூடாது. அதன் பிறகுதான் ஊசி. மணிக்கட்டில் பேர் எழுதிய பட்டை ஒன்றும் கட்டினார்கள்.

பெண்களுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது.

"பத்து நாளா குத்துற, இன்னும் எம் பேரு தெரியலயா ஒனக்கு?" என்று மாரியாயி ஷைனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அறியும் சேச்சி. எனிக்கு அறியும். ஆனா நீங்களே சொல்லணும்."

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குதுடி! நாளைக்குக் கண்ணாலமே ஆச்சான்னு கேக்கும்."

பேர் மட்டும் போதாது, ஒரே பேரில் இரண்டு பேர் இருப்பார்கள் என்று வீட்டுக்காரர் பேரையும் கேட்கச் சொன்னார்கள். அது ஒரு நாள்கூட நடக்கவில்லை. வயதான பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி, "ராமருக்குத் தம்பிங்க" என்று விடுகதை போட்டாள். ஷைனி, லட்சுமணனா பரதனா என்று நின்றாள். கடைசியில் எஸ்டேட்டில் அவரவருக்குக் கொடுத்திருக்கும் வேலை நம்பரைக் கேட்பது என்று முடிவானது. அது எல்லோருக்கும் தூக்கத்தில்கூட வந்தது.

எவ்வளவு நேரம்?

சரோஜா தேறிவிட்டாள். அவளுக்குத் தலை வாரிவிடுவது என் வேலை. அப்படி ஒரு மத்தியானம் எண்ணெய் தேய்த்துச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். முகத்துக்கு நேராக இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும் சரோஜா. தெரிஞ்சும் உடனே சொல்லல. கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டேன்."

அவள் தலை என் கையில் அசையாமல் இருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு வாளி நெறயிற நேரம்."

யோசித்தாள். "பச்சத்தண்ணியா, சுடுதண்ணியா?"

"சுடுதண்ணி."

அந்த ஆஸ்பத்திரியில் சுடுதண்ணீர்க் குழாய் நூல் மாதிரிதான் வரும். அது எல்லோருக்கும் தெரியும்.

"அது ரொம்ப நேரமாச்சே" என்றாள்.

பாதி பின்னிய சடையை என் கையிலிருந்து வாங்கி அவளே பின்னிக்கொண்டாள். இரண்டு நாள் என்னைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். டாக்டரம்மா என்னைத் துரத்தியிருந்தால்கூட இவ்வளவு கனமாக இருந்திருக்காது. மூட்டையைக் கட்டி, குன்னூர் பஸ் ஸ்டாண்டுவரை ஒரு முறை போனேன். மேட்டுப்பாளையம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. அவள் கால் சரியாகாமல் போக மனமில்லை.

மூன்றாம் நாள் ஆபரேஷன். வண்டியில் படுக்கவைத்து நானும் ஷைனியும் தள்ளிக்கொண்டு போனோம். நடைபாதை முழுக்க மேகம் அடைத்திருந்தது. ஆபரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் ஷைனி வண்டியை நிறுத்தி, காகிதத்தை விரித்தாள்.

"பேர் என்னங்க சேச்சி?"

சரோஜாவின் உதடு காய்ந்திருந்தது. கம்பளிக்குள்ளிருந்து கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. இரண்டு நாளுக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ சொல்லேன் பாக்கியம்."

அவள் பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லேன்டி."

நான் சொல்லவில்லை. ஷைனியும் அவசரப்படுத்தவில்லை. உள்ளே ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு அடங்கியது. சரோஜா என்னை முறைத்தாள். பிறகு தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சரோஜா" என்றாள், பெரட்டில் நிற்பவள் மாதிரி உரக்க. "எடது கணுக்கால். ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. இன்னைக்கு எனக்கு யாரும் ஒரு ஊசியும் போடல. போதுமா?"

"போதும் சேச்சி" என்றாள் ஷைனி.

சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் என் மணிக்கட்டை விடவில்லை. ஷைனிதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.